முதுகுத்தண்டுக்குள்ள கட்டின்னா என்ன, ஆபரேஷன்ல என்ன பண்றாங்க

எங்க பெரியம்மாவுக்கு நெல்லிக்குப்பம், வயசு 61. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சாயந்தரம் போன் பண்ணி, பாப்பா, காலு ரெண்டும் மரக்கட்டை மாதிரி கனக்குது, பஸ் படியில ஏற முடியல, யாராச்சும் கை குடுத்தாத்தான் ஏற முடியுதுன்னாங்க. நான் பாண்டிச்சேரில பிசியோதெரபிஸ்ட். எல்லாரும் பண்ற மாதிரி கீழ் முதுகுக்கு மட்டும் எம்ஆர்ஐ எடுத்து வச்சிருந்தாங்க, எல்4 எல்5ல டிஸ்க் பல்ஜ்னு, அதாவது இடுப்புல நாலாவது அஞ்சாவது எலும்புக்கு நடுவுல இருக்கற ஜவ்வு பிதுங்கியிருக்குன்னு ரிப்போர்ட்ல இருந்துச்சு, சரி தேய்மானம்தான்னு நானும் நம்பி மூணு வாரம் எக்ஸர்சைஸ் சொல்லிக் குடுத்தேன். அந்த மூணு வாரத்த நினைச்சா இன்னைக்கும் எனக்கு மனசு கனக்குது.

மூணாவது வாரம் வீட்டுக்குப் போனப்ப அவங்க சாதாரணமா ரெண்டு விஷயம் சொன்னாங்க. ஒண்ணு, தெருவுல நடக்கும்போது செருப்பு கழண்டு போயிடுது, நாலடி தள்ளிப் போயி குனிஞ்சு பார்த்தாத்தான் கால்ல செருப்பு இல்லன்னே தெரியுது. இன்னொண்ணு, வாஷ்பேசின்ல முகம் கழுவ கண்ண மூடினா ஆள் சாயுது. எனக்கு அப்பதான் உறைச்சுது. சுத்தியல் எடுத்து முட்டிக்குக் கீழ தட்டினேன், காலு எகிறிக்கிட்டு வந்துச்சு. பாதத்த வெடுக்குனு மேல தள்ளிப் பிடிச்சேன், விடாம தடதடன்னு ஆடுச்சு. கீழ் முதுகு டிஸ்க்கால வர்ற பிரச்சனையில காலு இப்படி எகிறாது, அடங்கிப் போகும். எகிறுதுன்னா கோளாறு மேல எங்கயோ இருக்குன்னு அர்த்தம், எங்களுக்குப் படிப்புல சொல்லிக் குடுக்கற முதல் பாடங்கள்ல இது ஒண்ணு. முதுகு முழுக்க எம்ஆர்ஐ எடுத்தப்ப நடு முதுகுல, மார்புக்குப் பின்னாடி இருக்கற ஆறாவது எலும்புக்கு (டி6) நேரா, தண்டுவடத்த ஒரு பக்கமா நசுக்கிக்கிட்டு ஒரு கட்டி உக்காந்திருந்துச்சு. அதுக்கப்புறம் நான் படிச்சது, டாக்டருங்க கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது, ஆபரேஷன் முடிஞ்சு என்கிட்ட வர்ற பேஷன்டுங்க கிட்ட பார்த்தது, எல்லாத்தையும் வச்சுத்தான் இத எழுதறேன். நான் சர்ஜன் கிடையாது, அத மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

முதல்ல உள்ள என்ன இருக்குன்னு புரிஞ்சுக்கணும். முதுகெலும்புல மொத்தம் 33 எலும்பு, கழுத்துல 7, மார்புக்குப் பின்னாடி 12, இடுப்புல 5, அதுக்குக் கீழ ஒண்ணா ஒட்டிப்போன 5, கடைசியா வால் எலும்பு 4. இதுக்கு நடுவுல ஓட்டை வழியா தண்டுவடம் இறங்குது, கிட்டத்தட்ட 45 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் தடிமன். பெரியவங்களுக்கு அது எல்1 எல்2 கிட்டயே முடிஞ்சு போயிடும், அதுக்குக் கீழ நரம்புங்க குதிரை வால் மாதிரி கொத்தாத் தொங்கும். அதனாலதான் எல்4 எல்5ல டிஸ்க் பிதுங்கினா தண்டுவடம் நசுங்காது, ஏன்னா அங்க தண்டுவடமே கிடையாது. பெரியம்மா கேஸ்ல ரிப்போர்ட்டுக்கும் காலுக்கும் பொருந்தாமப் போனது இந்த இடத்துலதான்.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இத சொல்றதுக்கு பண்ருட்டி பலாப்பழத்த விட நல்ல உதாரணம் கிடையாது. மேல முள்ளுத்தோல், அதுதான் எலும்பு. உள்ள சடை, அது எலும்புக்கும் உறைக்கும் நடுவுல இருக்கற கொழுப்பு, ரத்தக்குழாய்ங்க. அடுத்து சுளை, அதுதான் டியூராங்கற கெட்டியான உறை. சுளைக்குள்ள கொட்டை, அதுதான் தண்டுவடம். சுளைக்கும் கொட்டைக்கும் நடுவுல தண்ணி நிரம்பியிருக்குன்னு மட்டும் கூடுதலா நினைச்சுக்கோங்க. இப்ப கட்டி எங்க வேணா வரலாம், தோல்லயோ சடையிலயோ வரலாம், சுளைக்கும் கொட்டைக்கும் நடுவுல வரலாம், கொட்டைக்குள்ளயே வரலாம். இந்த மூணு இடத்துல எதுல இருக்குங்கறதுதான் ஆபரேஷன் எப்படி, எவ்ளோ ரிஸ்க், முழுசா எடுக்க முடியுமா முடியாதான்னு பெரும்பாலும் தீர்மானிக்குது. டாக்டர் கட்டின்னு சொன்ன உடனே எல்லாரும் கேக்கறது கேன்சரா இல்லையான்னுதான், அது நியாயமான கேள்வி, ஆனா முதுகுத்தண்டு விஷயத்துல அதுக்கு முன்னாடி எங்க இருக்குன்னு கேளுங்கன்னு நான் சொல்வேன், கேன்சரே இல்லாத கட்டி கூட தப்பான இடத்துல இருந்தா ஆளப் படுக்க வச்சிடும்.

வெளிய, எலும்புல வர்றதுல ரொம்ப சாதாரணமா வர்றது வேற இடத்துக் கேன்சர் பரவி வர்றதுதான், மார்பகம், நுரையீரல், ப்ராஸ்டேட், கிட்னி, தைராய்டு இதுல இருந்தெல்லாம் வரும். அது அபூர்வம் இல்ல, நான் சொல்ல வந்தது அபூர்வமா வர்ற கட்டிகளப் பத்தி, அதனால இங்க ரொம்பப் பேசல, ஒண்ணே ஒண்ணு மட்டும். 2005ல அமெரிக்காவுல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு, பரவின கட்டி தண்டுவடத்த நசுக்கினவங்கள்ல ஆபரேஷனும் பண்ணி ரேடியேஷனும் குடுத்தவங்கள்ல 84 சதவீதம் பேர் நடந்தாங்க, ரேடியேஷன் மட்டும் குடுத்தவங்கள்ல 57 சதவீதம். பரவிடுச்சு இனிமே ஆபரேஷன் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு இத நான் சொல்றதுண்டு. எல்லாருக்கும் அது பொருந்தாதுதான், உடம்பு தாங்கணும், இன்னும் எவ்ளோ காலம்னு பார்க்கணும், ஆனா கேக்காமலே விட்டுடக் கூடாது.

எலும்புலயே பிறக்கற அபூர்வமான கட்டிகள்ல கார்டோமான்னு ஒண்ணு இருக்கு. வருஷத்துக்கு 10 லட்சம் பேர்ல ஒருத்தருக்குத்தான் வரும். நாம கருவுல இருக்கும்போது முதுகெலும்பு உருவாகறதுக்கு வழிகாட்டியா ஒரு தண்டு இருக்கும், அதோட மிச்சம் மீதில இருந்து வளர்ற கட்டி அது. அதிகமா வர்றது இடுப்புக்குக் கீழ ஒட்டிப்போன எலும்புலயும் மண்டையோட அடிப்பகுதியிலயும். ரொம்ப மெதுவா வளரும், உக்கார முடியல, மலச்சிக்கல்னு வருஷக்கணக்கா அலைவாங்க. இதுல ஆபரேஷன் ரூல் ஒண்ணுதான், கட்டிய வெட்டாம, சுத்தி நல்ல திசுவோட சேர்த்து ஒரே துண்டா எடுக்கணும். பலாப்பழம் அரிஞ்சவங்களுக்குப் புரியும், கத்தி பட்ட இடமெல்லாம் பால் ஒட்டிக்கும், அப்புறம் எண்ணெய் போட்டுத் தேய்ச்சாலும் முழுசாப் போகாது. கார்டோமாவும் கொழகொழன்னு இருக்கும், உடைச்சா செல்லுங்க சிந்தின இடத்துலயெல்லாம் திரும்ப முளைக்கும். அதனால பயாப்சிக்கு, அதாவது சோதனைக்குக் கட்டியில கொஞ்சம் எடுக்க, ஊசி போடறதுல கூட கவனம் வேணும், ஊசி போன பாதையவும் பின்னாடி ஆபரேஷன்ல சேர்த்து எடுக்கணும், அதனால ஆபரேஷன் பண்ணப்போற டீமே எங்க குத்தணும்னு முடிவு பண்றதுதான் நல்லது. அவசரப்பட்டு வேற எங்கயோ பயாப்சி எடுத்துட்டு வந்தா கடைசியில சர்ஜனுக்குத்தான் கஷ்டம், அந்தக் கஷ்டம் திரும்ப வந்து விழறது பேஷன்ட் மேல.

ஒரே துண்டா எடுக்கறதுன்னா சும்மா இல்ல. மார்புப் பக்கத்து எலும்பா இருந்தா ஒரு முதுகெலும்ப முழுசா கழட்டி எடுத்துட்டு அந்த இடத்துல உலோகக் கூண்டு வச்சு மேலயும் கீழயும் ஸ்க்ரூ, ராடு போட்டு நிறுத்துவாங்க. ஜப்பான்ல தோமிதான்னு ஒரு சர்ஜன் 1990கள்ல இந்த முறைய ஒழுங்குபடுத்தினாரு. இடுப்புக்குக் கீழ ஒட்டிப்போன எலும்பா இருந்தா பிரச்சனை வேற, அங்கேருந்து கிளம்பற எஸ்2, எஸ்3, எஸ்4 நரம்புங்கதான் சிறுநீர், மலம், தாம்பத்யம் எல்லாத்தையும் பார்த்துக்குது. கட்டி மேல ஏறியிருந்தா நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டி வரும், அப்ப காலத்துக்கும் குழாய் போட்டு சிறுநீர் எடுக்கற நிலைமை வரலாம். இத ஆபரேஷனுக்கு முன்னாடியே வீட்டுக்காரங்கள உக்கார வச்சு வெளிப்படையாப் பேசணும், பேஷன்டு முன்னாடியே பேசணும், உடம்பு அவங்களோடது. முழுசா எடுக்க முடியலன்னா இல்ல ஓரத்துல மிச்சம் இருந்தா அதிக டோஸ் ரேடியேஷன் தேவைப்படும், சாதாரண கீமோ இதுக்குப் பெருசா வேலை செய்யாது. ப்ரோட்டான் ரேடியேஷன் இதுக்குக் குடுக்கறாங்க, சென்னை தரமணியில 2019ல ப்ரோட்டான் சென்டர் வந்துச்சு.

எலும்புல வர்ற இன்னும் சிலது இருக்கு. ஜயன்ட் செல் டியூமர்னு ஒண்ணு, அதுக்கு டெனோசுமாப்னு ஒரு ஊசி இருக்கு. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமான்னு ஒரு சின்னக் கட்டி, பெரும்பாலும் சின்ன வயசுக்காரங்களுக்கு வரும், ராத்திரி வலி பின்னி எடுக்கும், ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை போட்டா சட்டுனு அடங்கும், அதுவே ஒரு துப்பு. அப்புறம் ஹெமாஞ்சியோமா, எலும்புக்குள்ள ரத்தக்குழாய்ங்க சேர்ந்து உண்டாகற கட்டி. எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல இந்த வார்த்தையப் பார்த்துட்டு அழுதுக்கிட்டு வர்றவங்கள நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். சாதாரண ஹெமாஞ்சியோமா கிட்டத்தட்ட பத்துல ஒருத்தர் முதுகுல இருக்கும், பெரும்பாலும் ஒண்ணும் பண்ணத் தேவையில்ல, டாக்டர் கிட்ட ஒரு தடவை காட்டிட்டு நிம்மதியா இருங்க.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல் டிபி. முதுகெலும்பு டிபி இங்க சகஜம், எலும்பு அரிச்சிருந்தா முதல்ல அதத்தான் நினைப்பாங்க, நினைக்கறதும் சரிதான். டிபி வழக்கமா டிஸ்க்கையும் அதுக்கு மேல கீழ இருக்கற ரெண்டு எலும்பையும் சேர்த்து அரிக்கும், கட்டி பெரும்பாலும் டிஸ்க்க விட்டுட்டு எலும்ப மட்டும் பிடிக்கும். ஆனா விதிவிலக்கு ரெண்டு பக்கமும் உண்டு, அதனால முடிஞ்ச வரைக்கும் பயாப்சி எடுத்துப் பார்த்துட்டு மாத்திரை ஆரம்பிக்கறதுதான் நல்லது, இல்லன்னா டிபி மாத்திரைய மாசக்கணக்குல சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப கட்டியும் மாசக்கணக்குல வளர்ந்திருக்கும்.

இப்ப சுளைக்குள்ள, கொட்டைக்கு வெளிய. பெரியம்மாவோடது இங்கதான். இங்க வர்றது பெரும்பாலும் மெனிஞ்சியோமா இல்லன்னா ஷ்வானோமா, ரெண்டும் பெரும்பாலும் கேன்சர் இல்லாத வகைதான். மெனிஞ்சியோமா உறையில இருந்து வளரும், பெண்களுக்குத்தான் ரொம்ப அதிகம், அதுவும் நடு வயசு தாண்டினவங்களுக்கு, நடு முதுகுல. பெரியம்மா இந்த மூணுக்குமே அச்சு அசலாப் பொருந்தினாங்க, ஆனா எங்க வீட்டுல யாருமே அந்தப் பேர அதுக்கு முன்னாடி கேள்விப்பட்டதில்ல. ஷ்வானோமா நரம்போட வேர்ல இருந்து வளரும், நெஞ்சையோ வயித்தையோ சுத்திப் பட்டை கட்டின மாதிரி வலிக்கும், படுத்தா வலி அதிகமாகும், ராத்திரி எழுந்து உக்காந்தா கொஞ்சம் தேவலாம் போல இருக்கும். சாதாரண முதுகுவலி படுத்தா குறையும், படுத்தா அதிகமாகுதுன்னா அத லேசா எடுத்துக்காதீங்க.

தண்டுவடத்த நசுக்கின கட்டிய ஜெயிச்ச முதல் ஆபரேஷன் இந்த வகைதான். 1887ல லண்டன், விக்டர் ஹார்ஸ்லின்னு சர்ஜன், வில்லியம் கவர்ஸ்னு நரம்பு டாக்டர். பேஷன்ட் ஒரு கேப்டன், வலிக்குக் காரணம் தெரியாம ரொம்ப காலம் அவதிப்பட்டு கடைசியில ரெண்டு காலும் விழுந்து போச்சு. அப்ப எக்ஸ்ரேவே கிடையாது, அது வந்ததே 1895ல. கவர்ஸ் உடம்பத் தொட்டுப் பார்த்து, எங்க உணர்ச்சி இருக்கு எங்க இல்லன்னு கணக்குப் போட்டு இந்த உயரத்துலதான் கட்டி இருக்குன்னு சொன்னாரு. ஹார்ஸ்லி திறந்து பார்த்தாரு, ஒண்ணும் இல்ல. அப்படியே மூடிடாம இன்னும் கொஞ்சம் மேல எலும்ப எடுத்துப் பார்த்தாரு, அங்க இருந்துச்சு. அந்த மனுஷன் மறுபடியும் நடந்தாரு. இந்தக் கதைய நான் எங்க ஸ்டூடண்டுங்க எல்லாருக்கும் சொல்றேன், மெஷின் எதுவும் இல்லாம கையும் சுத்தியலும் ஊசியும் வச்சுக் கண்டுபிடிச்சாங்க, நமக்கு எம்ஆர்ஐ இருந்தும் தப்பான இடத்த எடுத்துட்டு உக்காந்திருக்கோம்.

பெரியம்மாவுக்கு நடந்தத அப்படியே சொல்றேன், இப்ப உலகம் முழுக்க கிட்டத்தட்ட இதே மாதிரிதான் பண்றாங்க. மயக்கம் குடுத்து குப்புறப் படுக்க வச்சாங்க. முதல் வேலை எந்த எலும்புன்னு எண்றது, நடு முதுகுல எல்லா எலும்பும் ஒரே மாதிரி இருக்கும், அதனால எக்ஸ்ரே மெஷின தியேட்டருக்குள்ளயே வச்சு கீழ இருந்து எண்ணி மார்க் பண்ணாங்க. அப்புறம் தோல், தசை விலக்கி எலும்போட பின்பக்கத்து ஓடான லேமினாவ எடுத்தாங்க. மைக்ராஸ்கோப் வச்சு டியூராவ நீளவாக்குல கிழிச்சாங்க. இதுக்கப்புறம் ஒரு விஷயம் முக்கியம், கட்டிய எடுக்கறதுக்காக தண்டுவடத்த நகர்த்தக் கூடாது, தண்டுவடத்த அப்படியே விட்டுட்டு கட்டியத்தான் சின்னதாக்கணும். அல்ட்ராசவுண்ட் அதிர்வுல கட்டிய உடைச்சு உறிஞ்சற கருவி ஒண்ணு இருக்கு, கூசான்னு சொல்வாங்க, அத வச்சு கட்டியோட வயித்தக் காலி பண்ணி, அப்புறம் ஓட்ட மட்டும் மெதுவா உள்பக்கமா மடிச்சு வெளிய எடுத்தாங்க. கட்டி ஒட்டியிருந்த உறையச் சுட்டு, டியூராவத் தண்ணி ஒழுகாம தைச்சு மூடினாங்க. அஞ்சு மணி நேரம். நானும் எங்க அண்ணனும் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தோம், அந்த அஞ்சு மணி நேரத்துல நாங்க ரெண்டு பேரும் பத்து வார்த்தை கூடப் பேசிக்கல.

உள்ள இன்னொரு காவல் நடந்துக்கிட்டே இருக்கும், நியூரோ மானிட்டரிங். மண்டையில கரண்டு துடிப்பு குடுத்து கால் தசையில வருதான்னு பார்ப்பாங்க, கால்ல குடுத்து மண்டைக்கு வருதான்னும் பார்ப்பாங்க. அதுக்காக தசையத் தளர வைக்கற மருந்தக் குறைச்சு வேற மாதிரி மயக்கம் குடுக்கணும். சிக்னல் விழுந்தா சர்ஜன் கைய எடுத்துட்டு நிப்பாரு, ரத்த அழுத்தத்த ஏத்துவாங்க, வெதுவெதுப்பான சலைன் ஊத்துவாங்க, திரும்ப வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க. சில சமயம் அந்தக் கட்டத்தோட நிறுத்திட்டு மிச்சத்த விட்டுட்டு வர்றதும் உண்டு. மிச்சம் வச்சுட்டாரேன்னு கோபப்படறதுக்கு முன்னாடி ஏன் நிறுத்தினாருன்னு கேளுங்க, அந்த ஆளு இன்னைக்கு நடக்கறதுக்கே அதுதான் காரணமா இருக்கலாம்.

கொட்டைக்குள்ளயே வர்றதுதான் ரொம்ப அபூர்வம், ரொம்பக் கஷ்டமும் அதுதான். பெரியவங்களுக்கு இதுல அதிகமா வர்றது எபெண்டிமோமா. தண்டுவடத்தோட பின்பக்கம் நடுவுல ஒரு மெல்லிசான பள்ளம் இருக்கும், சரியா அந்தக் கோட்டுல பிரிச்சு உள்ள போவாங்க. எபெண்டிமோமாவுக்குப் பெரும்பாலும் ஒரு எல்லை இருக்கும், கொட்டை மேல இருக்கற மெல்லிசுத் தோல உரிக்கற மாதிரி சுத்திப் பிரிச்சு எடுக்கலாம், முழுசா எடுத்துட்டா பல பேருக்கு அதோட முடிஞ்சுடும். அஸ்ட்ரோசைட்டோமா அப்படி இல்ல, சர்க்கரை தண்ணில கரைஞ்ச மாதிரி தண்டுவடத்துல கலந்திருக்கும், எல்லை கிடைக்காது, அதுல கொஞ்சம் எடுத்துப் பார்த்து, முடிஞ்சத எடுத்துட்டு, தண்டுவடத்துக்கு இடம் கிடைக்கற மாதிரி உறையக் கொஞ்சம் அகலமாக்கி மூடிட்டு, வகையப் பார்த்து ரேடியேஷனுக்குப் போவாங்க. ஹெமாஞ்சியோபிளாஸ்டோமா ரத்தக்குழாய்க் கொத்து, அத உடைச்சா ரத்தம் நிக்காது, சுத்தி வர்ற குழாய்ங்கள ஒண்ணொண்ணா அடைச்சுட்டு முழுசா எடுக்கணும். இது ஒருத்தருக்கு ரெண்டு மூணு இடத்துல இருந்தா விஎச்எல்னு பரம்பரைக் கோளாறு இருக்கான்னு பார்க்கணும், அப்ப கூடப் பிறந்தவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் டெஸ்ட் தேவைப்படலாம்.

தண்டுவடத்துக்குள்ள கீறி எடுத்தவங்கள்ல பல பேருக்கு முதல் சில வாரம் முன்ன விட மோசமாத்தான் இருக்கும், இத யாரும் முன்னாடி சொல்லலன்னா வீடே உடைஞ்சு போயிடும். கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சொல்ற நரம்புக்கட்டு சரியா அந்தப் பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் ஓடுது, அது பாதிச்சா பலம் இருந்தும் நடை தள்ளாடும், பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கும். இங்கதான் எங்க வேலை ஆரம்பிக்குது. கண்ணாடி முன்னாடி நடக்க வைப்போம், தரையில கோடு போட்டு கண்ணால பார்த்துப் பார்த்து அடி வைக்கப் பழக்குவோம், காலு சொல்லாதத கண்ணு சொல்லும். மாசக்கணக்குல ஆகும்.

எந்த வகையா இருந்தாலும் ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படி இருப்பாங்கங்கறத ரொம்பச் சரியா முன்கூட்டியே சொல்றது ஒரே விஷயம், ஆபரேஷன் டேபிளுக்கு எந்த நிலைமையில போனாங்கங்கறது. நடந்து போனவங்க நடந்து வர வாய்ப்பு அதிகம். அதனாலதான் கால் கனம், செருப்பு கழண்டது தெரியாமப் போறது, கண்ண மூடினா சாயறது, சட்டை பட்டன் போட விரல் தடுமாறறது, இதெல்லாம் இருந்தா முதுகு முழுக்கப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கன்னு கத்தறேன். சிறுநீர் திடீர்னு நின்னு போறது, இல்ல உக்கார்ற இடத்துல மரத்துப் போறது வந்தா அது அவசரம், மறுநாள் ஓபி வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அன்னைக்கு ராத்திரியே கேஷுவாலிட்டிக்குப் போகணும். நம்ம பக்கம் பாண்டிச்சேரி கோரிமேட்டுல ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கு, நியூரோசர்ஜரியும் கேன்சர் சிகிச்சையும் ஒரே வளாகத்துல, கடலூர் விழுப்புரத்துல இருந்தெல்லாம் விடிகாலை பஸ்ஸப் பிடிச்சு வர்றாங்க. எங்க போனாலும் சர்ஜன் கிட்ட தயங்காம கேளுங்க, இந்த மாதிரி எத்தனை பண்ணியிருக்கீங்க, மானிட்டரிங் இருக்கா, முழுசா எடுக்கறதா திட்டமா இல்ல பகுதியா, எந்த நரம்பு போகலாம். நல்ல டாக்டருங்க இந்தக் கேள்விக்குக் கோவிச்சுக்கறதில்ல, நான் பார்த்த வரைக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு காயத்துல இருந்து தெளிவா தண்ணி மாதிரி கசிஞ்சாலோ, உக்காந்தா மண்டை பிளந்து படுத்தா சரியானாலோ உடனே போன் பண்ணணும், உள்ள இருக்கற தண்ணி ஒழுகுதுன்னு அர்த்தமா இருக்கலாம். கட்டியோட பயாப்சி ரிப்போர்ட்ட லேமினேட் பண்ணாம, பைல்ல பத்திரமா வைங்க, பத்து வருஷம் கழிச்சும் கேப்பாங்க. எம்ஆர்ஐ சில மாசத்துல ஒண்ணு, அப்புறம் டாக்டர் சொல்ற இடைவெளியில, கேன்சர் இல்லன்னாலும் போகணும், மெனிஞ்சியோமா பல வருஷம் கழிச்சும் திரும்ப வரலாம்.

பெரியம்மா மூணாவது நாள் வாக்கர் பிடிச்சு நின்னாங்க, நாலு மாசத்துல வாக்கர விட்டாங்க. வலி இல்ல, பலம் வந்துடுச்சு, ஆனா இடது பாதத்துல உணர்ச்சி முழுசாத் திரும்பல. போன சித்திரையில திருவந்திபுரம் கோயிலுக்குப் போயி மத்தியான வெயில்ல கல்லு தரையில வெறுங்காலோட பிரகாரம் சுத்திட்டு வந்தாங்க, வலது கால் சுட்டு வேகமா நடந்திருக்காங்க, இடது காலு ஒண்ணுமே சொல்லல. வீட்டுக்கு வந்து பார்த்தா பாதம் முழுக்கக் கொப்புளம், ஆற ஒரு மாசம் ஆச்சு. இப்ப தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு கைக்கண்ணாடிய வச்சு உள்ளங்காலப் பார்க்கச் சொல்லியிருக்கேன், வெந்நீர்ல கால் வைக்கறதுக்கு முன்னாடி முழங்கைய விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கேன், கோயிலுக்குப் போறதுன்னா காலையில ஏழு மணிக்குள்ள போயிட்டு வந்துடறாங்க.